யாருக்காக அரசு விரைகிறது? நிதிச் சந்தையும் மக்கள் அரசும்: சேலம், நாமக்கல் அனுபவங்களை முன்வைத்து

கேள்வி

சேலம் நகரின் ஃபேர்லேண்ட்ஸ் வங்கிக் கிளைகளும் நிதி நிறுவனங்களும் பங்குத் தரகு அலுவலகங்களும் மருத்துவமனைகளும் நெருங்கி அமைந்த பகுதி. அங்கே வைப்பு வைக்கப்படும் பணத்தில் ஒரு பங்கு நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரியாகவும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியாகவும் மாறுகிறது. இன்னொரு பங்கு சட்டக் கட்டாயத்தின் பேரில் அரசின் கடன்பத்திரங்களுக்குப் போகிறது. 1997 ஜனவரி 1இல் நாமக்கல் தனி மாவட்டமானது. ஆனால் வைப்பு வைப்பவருக்கும் வண்டி வாங்குபவருக்கும் இடையிலான இந்த உறவு மாவட்ட எல்லையால் துண்டிக்கப்படவில்லை. மாதத் தவணையை 'டியூ' என்றும், கடன் கொடுத்தவரை 'ஃபைனான்ஸ்காரர்' என்றும் சொல்லும் இந்தச் சமவெளியில் நிதிச் சந்தை என்பது தொலைவில் உள்ள பொருள் அல்ல.

நிதிச் சந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகளைவிட வலிமை மிக்கவையா என்ற கேள்வி பெரும்பாலும் லண்டனையும் ஏதென்ஸையும் வைத்தே பேசப்படுகிறது. அதை இங்கிருந்து கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கம். டீசல் விலை, மாநில அரசின் கடன், சேலம் உருக்காலை ஆகிய மூன்றும் இதற்கான முதன்மைச் சான்றுகள். நிதிச் சந்தை என்று இங்கே குறிப்பிடுவது அரசுக்குக் கடன் கொடுப்போர், பங்கு முதலீட்டாளர்கள், நாணயச் சந்தை, கச்சா எண்ணெயின் முன்பேர வணிகம் ஆகியவற்றை.

வலிமையை எப்படி அளப்பது? யாருடைய பணம் அதிகம் என்று கணக்கிடுவதால் பயனில்லை. ஒரு தரப்பு எதிர்ப்புக் காட்டிய பிறகு அரசு தன் முடிவை மாற்ற எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது என்பதை நான் அளவுகோலாகக் கொள்கிறேன். காத்திருக்க வைக்கப்படுபவர் யார், காத்திருக்காமல் காரியம் முடிப்பவர் யார் என்பது அரசியலில் அதிகாரத்தின் இருப்பிடத்தை ஓரளவு நேர்மையாகக் காட்டும்.

இதுவரை சொல்லப்பட்டவை

போலந்துப் பொருளியலாளர் மிகல் கலெக்கி 1943இலேயே ஒரு வாதத்தை முன்வைத்தார். வேலைவாய்ப்பு முழுவதும் முதலாளிகளின் நம்பிக்கையைச் சார்ந்திருக்கும்வரை, அந்த நம்பிக்கையைக் குலைக்கும் எதையும் அரசு செய்யத் தயங்கும். ஆகவே அரசே செலவு செய்து வேலை உருவாக்கும் வழியை அவர்கள் விரும்பமாட்டார்கள். சார்ல்ஸ் லிண்ட்ப்ளம் 1982இல் சந்தையைச் சிறைக்கு ஒப்பிட்டு எழுதினார். யாரும் சதி செய்ய வேண்டியதில்லை, முதலீடு தானாகப் பின்வாங்குவதே போதும், சீர்திருத்தம் தண்டிக்கப்பட்டுவிடும் என்பது அவர் கருத்து. சூசன் ஸ்ட்ரேஞ்ச் 1996இல் அரசு பின்வாங்கிவிட்டது என்றே முடிவு கட்டினார். ஜெர்மானியச் சமூகவியலாளர் வோல்ஃப்காங் ஸ்ட்ரீக் 2013இல், இன்றைய அரசு இரண்டு மக்கள் கூட்டங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார்: வாக்களிக்கும் குடிமக்கள் ஒருபுறம், கடன் கொடுத்த சந்தை மக்கள் மறுபுறம்.

இவற்றுக்கு எதிர்நிலையில் லேனா மோஸ்லியின் 2003ஆம் ஆண்டு ஆய்வு நிற்கிறது. பணக்கார நாடுகளில் கடன் கொடுப்போர் பணவீக்கம், பற்றாக்குறை போன்ற சில எண்களை மட்டுமே பார்க்கிறார்கள். மற்ற கொள்கைகளில் அரசுக்கு இடம் மிஞ்சுகிறது என்று அவர் காட்டினார். வளரும் நாடுகளில் மட்டும் அவர்களின் பார்வை அகலமாகிறது, அரசின் இடம் சுருங்குகிறது.

இந்த வாதங்களில் எனக்குக் குறையாகத் தோன்றுவது ஒன்று. எல்லாவற்றிலும் 'அரசு' என்பது ஒற்றை உருவமாகவே வருகிறது. கூட்டாட்சி நாடு ஒன்றில், அதுவும் பெட்ரோலிய நிறுவனங்கள், வங்கிகள், ஆயுள் காப்பீடு ஆகியவற்றின் பெரும்பகுதி அரசின் கையில் உள்ள நாட்டில், இந்தப் படம் பொருந்துமா என்பதைச் சான்றுகளைக் கொண்டு பார்க்க வேண்டும்.

டீசல்: சந்தை விலையின் தேர்தல் நாள்காட்டி

நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவரின் செலவில் பெரும்பங்கு டீசல். அந்த டீசலின் விலையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது என்பது 2014 அக்டோபர் 19 முதல் அரசின் அதிகாரபூர்வ நிலைப்பாடு. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் மாறும் என்றும் அறிவிக்கப்பட்டது. சந்தை அரசை வென்றுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லையென்றே மேலோட்டமாகத் தோன்றும்.

நாள்காட்டியை எடுத்து வைத்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. 2018 மே 12இல் கர்நாடகச் சட்டமன்றத் தேர்தல். ஏப்ரல் 24 முதல் மே 13 வரை நாள்தோறும் மாறவேண்டிய விலை மாறவே இல்லை. 14ஆம் தேதி ஏறத் தொடங்கியது. 2021 ஏப்ரல் 6இல் தமிழ்நாடு வாக்களித்தது. பிப்ரவரி இறுதி முதல் விலை ஏறவில்லை, சிறிதளவு இறங்கவும் செய்தது. மே 2இல் வாக்கு எண்ணிக்கை. மே 4 முதல் ஏற்றம். 2021 நவம்பர் தொடக்கம் முதல் 2022 மார்ச் 21 வரை, உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடியும்வரை, நான்கரை மாதங்களுக்கு விலை அசையவில்லை. அந்த இடைவெளியில்தான் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலரைத் தாண்டியது. மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரையிலான பதினாறு நாட்களில் லிட்டருக்கு 10 ரூபாய் ஏற்றப்பட்டது.

2018 அக்டோபரை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். அங்கே சந்தையும் அரசும் நேருக்கு நேர் மோதின. அக்டோபர் 4இல் ஒன்றிய அரசு கலால் வரியில் 1.50 ரூபாய் குறைத்ததோடு, எண்ணெய் நிறுவனங்கள் தம் பங்குக்கு ஒரு ரூபாயை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. அவை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள். அயல்நாட்டு முதலீட்டாளர்களும் அவற்றின் பங்குகளை வைத்திருக்கிறார்கள். அந்நிறுவனங்களின் பங்கு விலை உடனே கடுமையாகச் சரிந்தது. அரசு பின்வாங்கவில்லை. அக்டோபர் 6இல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களுக்குத் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டன. 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டிலும் விலையைப் பிடித்து வைத்ததால் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கும் சேர்ந்து 18,480 கோடி ரூபாய் நட்டம் ஏற்பட்டது. பங்குதாரர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள நேர்ந்தது.

ஆகவே, தேர்தல் வரும்போது அரசு சந்தையைவிட வலிமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வலிமை மற்ற நாட்களில் யாருக்கு எதிராகத் திரும்புகிறது?

2020 ஏப்ரல் 20இல் அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத முன்பேர ஒப்பந்தம் பூஜ்யத்துக்கும் கீழே, பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலருக்குப் போனது. இந்தியா வாங்கும் எண்ணெயின் சராசரி விலையும் அம்மாதம் 20 டாலரை ஒட்டியே இருந்தது. ஊரடங்கில் நாமக்கல் லாரிகள் வரிசை வரிசையாக நின்றுகொண்டிருந்தன. உலகச் சந்தை கொடுத்த இந்த விலைச்சரிவு அவற்றின் உரிமையாளர்களைச் சென்றடையவில்லை. ஒன்றிய அரசு மார்ச் 14இல் லிட்டருக்கு 3 ரூபாயும், மே முதல் வாரத்தில் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை உயர்த்தியது. தமிழக அரசும் மே மாதத் தொடக்கத்திலேயே டீசல்மீதான மதிப்புக் கூட்டு வரியை லிட்டருக்கு 2.50 ரூபாய் அளவுக்கு உயர்த்தியிருந்தது. அன்றைய முதல்வர் எடப்பாடி கே. பழனிசாமி இதே சேலம் மாவட்டத்துக்காரர் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெட்ரோலியப் பொருட்களிலிருந்து ஒன்றிய அரசு திரட்டிய கலால் வரி 2019-20இல் ஏறத்தாழ 2.23 லட்சம் கோடி. வண்டிகள் ஓடாத 2020-21இல் அது 3.73 லட்சம் கோடியை நெருங்கியது.

இந்த வரியின் உட்கூறு மிக முக்கியமானது. 2021-22 நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு ஒரு லிட்டர் டீசலில் ஒன்றிய அரசின் வரி 31.80 ரூபாயாக இருந்தது. அதில் மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் வரி 1.80 ரூபாய் மட்டுமே. மீதி முப்பது ரூபாயும் சிறப்புத் தீர்வை, சாலை வரி, வேளாண் உள்கட்டமைப்பு வரி என்ற பெயர்களில் பகிர்வுக்கு வெளியே வைக்கப்பட்டது. நாமக்கல் லாரி உரிமையாளர் தம் வண்டிக்கு டீசல் நிரப்பும்போது கொடுத்த வரி தமிழகச் சட்டமன்றத்தின் கைக்கு எட்டாமல் போனதற்குக் காரணம் நியூயார்க் முன்பேரச் சந்தை அல்ல. நிதிக் குழு பகிர்வுக்கென வகுத்த விதியைச் சுற்றிப் போக அரசியல் சட்டத்தில் கிடைத்த ஒரு வழி அது. கூடுதல் வரிகளுக்கும் செஸ்களுக்கும் ஓர் உச்சவரம்பு வைக்காதவரை, சந்தையின் ஆதிக்கம் என்று பேசுவது இந்த விஷயத்தில் உண்மைக் காரணத்தை மறைக்கும்.

மாநிலத்தின் கடன்: செவ்வாய்க்கிழமை ஏலம்

மாநில அரசுகள் கடன் திரட்டுவது ரிசர்வ் வங்கி நடத்தும் ஏலத்தில். வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில் அது நடக்கிறது. 2020-21இல் இவ்வாறு கடன் திரட்டிய மாநிலங்களில் தமிழகம் முதலிடம் பெற்றது; ஏறத்தாழ 88,000 கோடி ரூபாய். 2021 ஆகஸ்ட் 9இல் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகச் சொன்னபோது மாநிலம் முழுவதும் அதிர்ச்சி. 2025-26 நிதிநிலை அறிக்கையின் மதிப்பீட்டில் நிலுவைக் கடன் 9.29 லட்சம் கோடியைத் தொடுகிறது.

இவ்வளவு கடன் வாங்கியவரைச் சந்தை மிரட்டியிருக்க வேண்டுமல்லவா? நடந்தது அதுவல்ல. நிதிநிலை நன்றாக உள்ள மாநிலத்துக்கும் மோசமாக உள்ள மாநிலத்துக்கும் ஏலத்தில் கிடைக்கும் வட்டியில் வேறுபாடு மிகச் சிறியது. மாநிலம் தவறினாலும் ஒன்றிய அரசும் ரிசர்வ் வங்கியும் விட்டுவிடமாட்டா என்று கடன் கொடுப்போர் கருதுகிறார்கள். அதற்கும் மேலாக, இந்தப் பத்திரங்களை வாங்குபவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். வங்கிகள் தம் வைப்புகளில் குறைந்தது 18 விழுக்காட்டை அரசுப் பத்திரங்கள் முதலான பாதுகாப்பான சொத்துகளில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆயுள் காப்பீட்டுக் கழகமும் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியும் பெரும் வாங்குநர்கள். ஃபேர்லேண்ட்ஸ் கிளையில் ஓய்வூதியர் வைத்த வைப்பும், உருக்காலைத் தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதியும் கோட்டையின் செலவுக்குப் போகின்றன. இதைச் சந்தை என்று அழைத்தாலும், வெளியேறும் உரிமை இல்லாதவர்களைக் கொண்டே அதில் பெரும்பகுதி நடக்கிறது.

அப்படியானால் மாநிலத்தைக் கட்டுப்படுத்துவது எது? அரசியல் சட்டத்தின் 293(3) பிரிவு. ஒன்றியத்திடம் வாங்கிய கடன் நிலுவையில் இருக்கும்வரை, மாநிலம் புதுக் கடன் வாங்க ஒன்றியத்தின் ஒப்புதல் தேவை. 2020 மே மாதத்தில் கொரோனாவை முன்னிட்டு மாநில உற்பத்தியில் கூடுதலாக 2 விழுக்காடு கடன் வாங்க அனுமதி தரப்பட்டபோது, அதில் ஒரு பகுதி மின்பகிர்மானச் சீர்திருத்தம் உள்ளிட்ட நிபந்தனைகளோடு வந்தது. உழவர்களின் இலவச மின்சாரத்தைப் பாதிக்கும் என்று தமிழகம் அதை எதிர்த்தது. கிணற்று மோட்டாரை நம்பி மரவள்ளியும் மஞ்சளும் விளைவிக்கும் இந்தச் சமவெளிக்கு அது வெறும் நிர்வாகச் செய்தி அல்ல. கேரளம் இதே ஒப்புதல் அதிகாரத்தை எதிர்த்து 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சென்றது. 2024 ஏப்ரல் 1இல் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. பணம் கொடுக்கச் சந்தை தயாராக இருக்கிறது, வாங்க மாநிலம் தயாராக இருக்கிறது, நடுவில் நிற்பது மற்றொரு தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு. ஸ்ட்ரீக்கின் இரண்டு மக்கள் கூட்டங்களோடு இந்த மூன்றாவது அதிகாரத்தையும் சேர்க்காமல் இந்திய மாநிலங்களைப் பற்றிப் பேசவே முடியாது.

ஏழு வாரங்களும் எட்டு நாட்களும்

இதுவரை சொன்னதைக் கொண்டு சந்தைக்கு இங்கே வலிமையே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. அதன் வலிமை வேறொரு வழியில் இயங்குகிறது.

2019 ஜூலை 5இல் நிர்மலா சீதாராமன் தம் முதல் நிதிநிலை அறிக்கையில், ஆண்டு வருமானம் 2 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்களுக்கான கூடுதல் வரியை உயர்த்தினார். அறக்கட்டளை வடிவில் பதிவு செய்திருந்த அயல்நாட்டு நிதி முதலீட்டாளர்களும் அதற்குள் வந்தார்கள். அவர்கள் பங்குகளை விற்கத் தொடங்கினார்கள். ஜூலை மாதத்திலேயே நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிதி மசோதாவை நிறைவேற்றின. ஆகஸ்ட் 23இல், பங்கு விற்பனை ஆதாயத்தைப் பொறுத்தவரை அந்தக் கூடுதல் வரி திரும்பப் பெறப்படும் என்று அமைச்சர் அறிவித்தார். அறிவித்ததிலிருந்து கைவிட்டது வரை ஏழு வாரங்கள். அதோடு நிற்கவில்லை. செப்டம்பர் 20இல் அவசரச் சட்டத்தின் வழியாக நிறுவன வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்பது அரசே சொன்ன மதிப்பீடு. அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 1,921 புள்ளிகள் ஏறியது.

இதற்கு ஓராண்டுக்கு முன் நடந்ததை அருகில் வைத்துப் பார்ப்போம். 2018 ஜூலை 20 முதல் 27 வரை நாடு முழுவதும் லாரிகள் நின்றன. டீசல் விலையைக் குறைக்க வேண்டும், அதைச் சரக்கு சேவை வரிக்குள் கொண்டுவர வேண்டும் என்பவை முதன்மைக் கோரிக்கைகளில் சில. நாமக்கல்லை மையமாகக் கொண்ட மாநில லாரி உரிமையாளர்கள் சம்மேளனமும் அதில் கலந்துகொண்டது. வண்டி நின்றால் வாடகை இல்லை. டியூ மட்டும் நிற்காது. எட்டு நாட்கள் அந்த நட்டத்தைத் தாங்கியவர்களுக்குக் கிடைத்தது, கோரிக்கைகளைப் பரிசீலிக்க ஒரு குழு. டீசல் இன்றும் சரக்கு சேவை வரிக்கு வெளியேதான் இருக்கிறது.

அயல்நாட்டு முதலீட்டாளர் ஊர்வலம் போகவில்லை, மனுக் கொடுக்கவில்லை, ஒரு நாள் வருமானத்தையும் இழக்கவில்லை. விற்றுவிட்டு வெளியேறினார், அவ்வளவுதான். லிண்ட்ப்ளம் சொன்ன தண்டனை இதுதான். அவர் கவனிக்காத ஒன்றும் இதில் உண்டு. வெளியேறும் வசதி உள்ளவரின் குரல் ஒவ்வொரு நாளும் குறியீட்டு எண்ணாகத் தொலைக்காட்சியின் அடியில் ஓடுகிறது. லாரி உரிமையாளரின் நட்டத்துக்கு அப்படி ஓர் எண் இல்லை. ஒன்றின் வலி ஒரு நொடியில் அளக்கப்படுகிறது. மற்றொன்றின் வலி ஃபைனான்ஸ்காரர் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் தெரிய வருகிறது.

சந்தையின் அதிர்ச்சி எப்போதும் கொள்கையை மாற்றிவிடுகிறது என்றும் சொல்ல முடியாது. 2004 மே 17இல், இடதுசாரிகள் ஆதரவோடு புதிய அரசு அமையப்போகிறது என்ற செய்தியில் சென்செக்ஸ் 564 புள்ளிகள் சரிந்தது. வணிகம் இரண்டு முறை நிறுத்தப்பட்டது. ஆயினும் அந்த அரசு பொதுத்துறைப் பங்கு விற்பனைக்கான தனி அமைச்சகத்தை ஒழித்தது, 2005இல் ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. நாடாளுமன்றத்தில் எண்ணிக்கை வைத்திருந்த இடதுசாரிகளை அன்று சந்தையைப் போலவே யாரும் காத்திருக்க வைக்க முடியவில்லை. 2024 ஜூன் 4இல், ஆளுங்கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்று தெரிந்ததும் குறியீடு ஒரே நாளில் 4,390 புள்ளிகள் வீழ்ந்தது. சில நாட்களில் மீண்டுவிட்டது. சந்தைக்குக் கருத்து உண்டு, வாக்கு இல்லை என்பதற்கு இவை சான்றுகள்.

பிறர் நாணயத்தில் பட்ட கடன்

எல்லை ஒன்று உண்டு: பிறர் நாணயத்தில் வாங்கும் கடன். அதைத் தாண்டினால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது.

1991இல் இந்தியா அந்த எல்லையில் நின்றது. அயல்நாடு வாழ் இந்தியர்கள் வைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தரநிர்ணய நிறுவனங்கள் மதிப்பைக் குறைத்தன. அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது. பெரும்பான்மை இல்லாத சந்திரசேகர் அரசின் காலத்தில், மே மாதம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கியொன்றுக்கு விற்கப்பட்டது. ஜூன் 21இல் புதிய அரசு பதவியேற்றது. ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. அதே மாதம் ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கம் விமானத்தில் ஏறி இங்கிலாந்து வங்கிக்கு அடகுக்குப் போனது. அந்த ஆண்டுத் தேர்தல் மேடைகளில் இந்தக் கொள்கைகளை முன்வைத்து யாரும் வாக்குக் கேட்கவில்லை. வாக்காளர் தேர்ந்தெடுத்தது ஆட்களை. என்ன செய்ய வேண்டும் என்பது டாலர் கணக்கில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

இலங்கையின் அனுபவம் இன்னும் கசப்பானது. 2007 முதல் அந்நாடு சர்வதேசச் சந்தையில் டாலர் பத்திரங்களை வெளியிட்டது; காலப்போக்கில் அக்கடன் 12.5 பில்லியன் டாலரை எட்டியது. 2019 இறுதியில் கோட்டாபய ராஜபக்ச அரசு மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைத்தது. வெளியே கடன் கிடைப்பது நின்றது. 2022 ஏப்ரல் 12இல் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவிப்பு. எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற மக்கள் ஜூலையில் அதிபரைத் துரத்தினார்கள். ஆனால் துரத்தப்பட்ட அதிபரின் கடன் துரத்தப்படவில்லை. 2023இல் உள்நாட்டுக் கடன் சீரமைப்பின் சுமை உழைப்பாளிகளின் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிமீது விழுந்தது. பத்திரம் வைத்திருப்போருடன் கொள்கையளவிலான உடன்பாடு 2024 செப்டம்பர் 19இல் அறிவிக்கப்பட்டது. அதிபர் தேர்தல் செப்டம்பர் 21. கடன் நிபந்தனைகளை மறுபரிசீலனை செய்வதாகச் சொல்லி வென்ற அநுர குமார திசாநாயக்கவின் அரசு, இரு வாரங்களில் அதே உடன்பாட்டை ஏற்றுக்கொண்டது. மக்கள் தங்கள் அரசை மாற்றினார்கள். ஒப்பந்தத்தை மாற்றும் வாய்ப்பு வாக்குச்சீட்டில் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பிரிட்டன் தன் சொந்த நாணயத்தில்தானே கடன் வாங்குகிறது? 2022 செப்டம்பர் 23இல் லிஸ் ட்ரஸ் அரசு அறிவித்த வரிக்குறைப்புகளுக்குப் பிறகு கடன்பத்திரச் சந்தை நிலைகுலைந்து, அக்டோபர் 20இல் அவர் பதவி விலகினாரே? இது வலுவான மறுப்பு. ஆனால் அந்த வாரங்களில் பத்திரங்களை வாங்கிச் சந்தையை நிறுத்தியது இங்கிலாந்து வங்கி. அக்டோபர் 14க்குப் பிறகு வாங்கமாட்டோம் என்று கெடு வைத்ததும் அதே வங்கி. ட்ரஸ்ஸின் வீழ்ச்சியில் சந்தையின் பங்கு பெரிது. கெடு எப்போது முடியும் என்பதை முடிவு செய்தது அரசின் ஓர் உறுப்பே. கொழும்பின் மத்திய வங்கியால் டாலரை அச்சடிக்க முடியாது. அந்தத் தெரிவே அதற்கு இல்லை. வேறுபாடு அங்கே இருக்கிறது.

உருக்காலை

1967 ஜூலை 23இல் முதல்வர் அண்ணாவின் அழைப்பில் தமிழகம் எழுச்சி நாள் கொண்டாடியது. சேலம் உருக்காலையும் தூத்துக்குடித் துறைமுகத் திட்டமும் அதன் கோரிக்கைகள். 1970 செப்டம்பர் 16இல் இந்திரா காந்தி உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். கஞ்சமலையின் இரும்புத்தாதுவை நம்பிக் கேட்ட ஆலை, கடைசியில் துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாக 1981-82இல் இயங்கத் தொடங்கியது. உள்ளூரில் அதை இரும்பாலை என்றே சொல்கிறார்கள். அதற்காக ஏறத்தாழ 4,000 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. மக்கள் தெருவில் இறங்கிக் கேட்டதற்கும் அடிக்கல்லுக்கும் இடையே மூன்றாண்டுகள். இன்றைய அளவுகோலில் அது விரைவு.

2016 அக்டோபரில் பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு சேலம், துர்காபூர், பத்ராவதி ஆலைகளை விற்கக் கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. 2019 ஜூலையில் வாங்க விரும்புவோரிடம் விண்ணப்பம் கேட்கப்பட்டது; தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். பத்ராவதி ஆலையை வாங்கப் போதிய ஆர்வம் இல்லை என்று 2022 அக்டோபரில் அதன் விற்பனை கைவிடப்பட்டது. சேலம் ஆலை பொதுத்துறை நிறுவனமான செயிலிடமே நீடிக்கிறது. அரசு விற்க நினைத்தது, விற்பனை நடக்கவில்லை. இடையில் ஆலைக்கு முதலீடு வருமா என்று தெரியாமல் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். இந்தக் காத்திருப்பைத் தொழிலாளர்கள் தோற்றதன் அடையாளமாக நான் பார்க்கவில்லை. ஆனால் வென்றதாகவும் சொல்ல முடியவில்லை.

பாரத் பெட்ரோலியத்தின் கதையும் இதனோடு சேர்ந்தது. நாடாளுமன்றச் சட்டத்தால் நாட்டுடைமையாக்கப்பட்ட பாரத் பெட்ரோலியத்தையும் இந்துஸ்தான் பெட்ரோலியத்தையும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2003 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 2016இல் அந்த நாட்டுடைமைச் சட்டம் காலாவதியான சட்டங்களின் பட்டியலோடு சேர்த்து நீக்கப்பட்டது. பிறகு பாரத் பெட்ரோலியத்தை விற்க முயன்று, 2022 மே மாதத்தில் அரசு அதைக் கைவிட்டது. முன்வந்தவர்கள் விலகிப் போனதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, எரிபொருள் விலையைத் தீர்மானிப்பதில் தெளிவின்மை. தேர்தலுக்குத் தேர்தல் டீசல் விலையைப் பிடித்து வைக்கும் அதிகாரத்தை அரசு விடவில்லை. அதை விடாதவரை வாங்க ஆளில்லை.

தமிழகத்துக்கு இன்னொரு முன்னுதாரணம் இருக்கிறது. 2006இல் பொதுத்துறை நிறுவனமான நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் பங்குகளை விற்க ஒன்றிய அரசு முயன்றபோது, கூட்டணியில் இருந்த தி.மு.க. எதிர்த்தது, விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டது. 2013இல், பட்டியலிட்ட பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 விழுக்காடு பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்ற பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி குறுக்கே வந்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். முதல்வர் ஜெயலலிதா வேறு வழி கண்டார். மாநில அரசின் நிறுவனங்கள் ஐந்து சேர்ந்து ஏறத்தாழ 360 கோடி ரூபாய்க்கு 3.56 விழுக்காடு பங்குகளை வாங்கிக்கொண்டன. சந்தை விதி நிறைவேறியது, பங்குகள் தனியார் கைக்குப் போகவில்லை. சந்தைக்குள் புகுந்தே சந்தையை எதிர்கொண்ட இந்த முயற்சிக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. முடிவு விரைவில் வருமா, ஆண்டுக்கணக்கில் இழுபடுமா என்பது கூட்டணிக் கணக்கையும் மாநிலத்தின் கையிருப்பையும் பொறுத்தது என்பதை நெய்வேலியும் சேலமும் அடுத்தடுத்து நின்று காட்டுகின்றன.

சேலம் உருக்காலையின் விற்பனை நடைமுறையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. முடிவெடுக்க அமைச்சரவைக் குழு, ஆலோசனை சொல்லப் பரிவர்த்தனை ஆலோசகர், விலை கேட்க முதலீட்டாளர். எழுச்சி நாளில் ஆலையைக் கேட்டு வாங்கிய சட்டமன்றத்துக்கும், நிலத்தைக் கொடுத்த ஊர்களின் உள்ளாட்சிகளுக்கும் அதில் எந்தக் கட்டத்திலும் வாக்கு இல்லை. நிதிக் குழுவின் பகிர்வுக்கு வெளியே வைக்கப்பட்ட முப்பது ரூபாய்க்கும், விற்பனை ஒப்புதலுக்கு வெளியே வைக்கப்பட்ட சட்டமன்றத்துக்கும் தீர்வு கோர வேண்டிய இடம் மும்பைப் பங்குச் சந்தை அல்ல, டெல்லி நாடாளுமன்றம். நிலம் கொடுத்து உருவான பொதுச்சொத்தை விற்கும் முன் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டும் என்று ஒரு சட்டத் திருத்தத்தைச் சேலம், நாமக்கல் தொகுதிகளின் உறுப்பினர்கள் அங்கே முன்மொழிய எந்தச் சந்தையும் தடையாக இல்லை.